எங்கள் ஊர்ப் பேய்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியன் ஒருவனை இலக்கிய உரை நிகழ்த்த அழைத்தால் அவன் சங்கப் பாடலையோ சிலம்பையோ கையில் எடுத்துக்கொண்டு வருவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேய்க்கதைகளோடு வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். பேயைப் பற்றி நம் பழைய நூல்கள் சொல்லியிருப்பதும் எங்கள் ஊர்க் கிழவிகள் சொல்லியிருப்பதும் ஓரிடத்தில் வந்து சந்திக்கின்றன என்பது என் எண்ணம். அந்த இடம்வரை இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

என் ஊர் நிலாவெளி. திருகோணமலை நகரிலிருந்து வடக்கே, கடற்கரையை ஒட்டி, உப்புவெளி, சாம்பல்தீவு ஆகிய ஊர்களைக் கடந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றர் வந்தால் நிலாவெளி. கிழக்கே கடல். மேற்கே உப்பளமும் களப்பும் பனங்கூடலும். மின்சாரம் எட்டிப் பார்க்காத என் சிறுவயதில், பௌர்ணமி இரவில் அந்த வெள்ளை மணலைப் பார்த்தவர்களுக்கு ஊருக்கு ஏன் இந்தப் பெயர் வந்தது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அதே நிலவில் ஒவ்வொரு பனையும் ஓர் ஆளாக எழுந்து நிற்கும். ஆகவே எங்கள் ஊரில் பேய்களுக்குக் குறைவிருக்கவில்லை.

என் அம்மம்மா அவற்றுக்கெல்லாம் இடம் பிரித்து வைத்திருந்தார். புளியமரத்தில் முனி. களப்போரச் சேற்றில் கொள்ளிவாய்ப் பேய். நடுப்பகலில் பாழ்ங்கிணற்றடியில் மோகினி. பனங்கூடலுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒன்று. இருட்டில் யாராவது கூப்பிட்டால் முதற் குரலுக்கு “ஓம்” என்று சொல்லக்கூடாது. மூன்றுதரம் கூப்பிட்டால்தான் அது மனிதர். இன்றைக்கும் இரவில் யாரேனும் என்னைக் கூப்பிட்டால், பட்டதாரி ஆசிரியனாகிய நான், மூன்றாவது அழைப்பு வரை காத்திருக்கிறேன். வீட்டில் இதற்காக ஏச்சும் வாங்குகிறேன்.

இவற்றுக்கெல்லாம் விளக்கம் உண்டு. பிள்ளைகள் கிணற்றடிக்கும் சேற்றுக்கும் போய்விடாமற் காக்கப் பெரியவர்கள் கட்டிய வேலி என்பார்கள் நாட்டார் வழக்காற்றியல் அறிஞர். கொள்ளிவாய்ப் பேய், சதுப்பு நிலத்து வாயு தீப்பற்றி எரிவது என்பார்கள் விஞ்ஞானம் படித்தவர்கள். இரண்டும் சரியே. ஆனால் எல்லாக் கதைகளும் இந்த வேலிக்குள் அடங்குவதில்லை. சில கதைகள், குறிப்பிட்ட ஒருவர் இறந்ததைப் பற்றியவை. அவைதான் என்னைப் பல ஆண்டுகளாகத் தொல்லைப்படுத்துகின்றன.

எங்கள் மாவட்டத்தில் உலகப் புகழ் பெற்ற அத்தகைய கதை ஒன்று உண்டு. கோணேசர் கோயில் அமைந்துள்ள சுவாமி மலைக்குப் போனவர்கள் அதைக் கேட்டிருப்பார்கள். ஒல்லாந்தர் காலத்தில் பிரான்சினா வான் ரீட் என்றொரு நங்கை இருந்தாள். அவளுக்கு மணம் பேசப்பட்ட அதிகாரி, சேவைக்காலம் முடிந்து, அவளைக் கைவிட்டுக் கப்பலேறிவிட்டான். கப்பல் மலையடியைக் கடந்து திரும்பும் வேளை, அவள் உச்சிக்கு ஓடிச் சென்று, அவன் கண்முன்னே கடலில் குதித்தாள். இதுவே கதை. ஆங்கிலேயர் அந்த இடத்துக்குக் ‘காதலர் பாய்ச்சல்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அவள் பெயரும் 1687 ஆம் ஆண்டு ஏப்ரில் 24 ஆம் திகதியும் ஒல்லாந்த மொழியில் பொறித்த கற்றூண் ஒன்றும் அங்கே உண்டு. அவள் ஆவி அந்தப் பாறையில் உலாவுவதாகவும், மாலைக் கருக்கலில் வெள்ளை உடை தெரிவதாகவும் நகரத்துப் பிள்ளைகள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒல்லாந்தரின் பழைய ஆவணங்களைத் தேடியவர்கள், அந்தத் தூணில் உள்ள திகதிக்குப் பல ஆண்டுகள் பின்னரும் அப்பெண் உயிரோடு இருந்து மணவாழ்வும் நடத்தினாள் என்று கண்டார்கள். அவள் குதிக்கவேயில்லை. தூணிலும் ‘நினைவாக’ என்ற செய்தி உண்டேயன்றிச் சாவைப் பற்றிய சொல் இல்லை. இன்னொன்று. அந்தத் தூணே இடிக்கப்பட்ட பழைய கோணேசர் கோயிலின் தூணாக இருக்க வேண்டும் என்று அதைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1620களின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்துக் கடலிலே தள்ளி, எஞ்சிய கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அந்தக் கடலடியில் மூழ்கி, கோயிற் சிதைவுகளைக் கண்டார்கள். கோயில் மீண்டும் எழுந்து 1963 இல் குடமுழுக்குக் கண்டது.

இறவாத ஒருத்திக்குப் பெயரும் தூணும் கதையும் ஆவியும் கிடைத்துவிட்டன. அதே பாறையில் கோயில் இடிபட்ட நாட்களில் அங்கே பூசை செய்தவர்களும் காவல் நின்றவர்களும் என்ன ஆனார்கள் என்று ஒரு பேய்க்கதைகூட இல்லை. பேய்க்கதை கிடைப்பதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும் போலும்!

நிலாவெளி வீதியில் வேறோர் இடத்தையும் சொல்ல வேண்டும். நகரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் வழியில், உப்புவெளியில், இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் இருக்கிறது. 1942 ஏப்ரில் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கியதைப் பெரியவர்கள் கதைகதையாகச் சொல்வார்கள். அந்தப் போர்க்காலத்தில் இறந்த கடற்படையினரும் விமானப்படையினரும் தரைப்படையினருமாக ஏறக்குறைய 300 பேர் அங்கே துயில்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய்வந்த காலத்தில், பின்னேரம் அந்த மயானத்தைக் கடக்கும்போது நாங்கள் கண்ணை மூடிக்கொள்வோம். துரைமார் எழுந்து வந்து அணிவகுப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். ஆனால் அவ்விடம் பற்றி நிலைத்து நின்ற கதை ஒன்றுகூட என் காதில் விழவில்லை.

வளர்ந்த பின் ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்தேன். வரிசை வரிசையாகக் கற்கள். ஒவ்வொன்றிலும் பெயர், பதவி, இறந்த திகதி. பெரும்பாலானவற்றில் வயதும் உண்டு. பத்தொன்பது, இருபத்தொன்று என்று என் மாணவரை விடச் சற்று மூத்த பிள்ளைகள். புல் வெட்டியிருந்தது. ஒருவர் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இவர்களுக்கு எழுந்து உலாவ என்ன தேவை இருக்கிறது என்று அன்று எனக்குத் தோன்றியது.

இந்த இடத்தில் நமது பழைய நூல்களைத் திறந்து பார்க்கலாம், நேயர்களே.

தொல்காப்பியர் புறத்திணையியலில் காஞ்சித் திணையின் துறைகளைச் சொல்லும்போது பேயை இருதரம் குறிப்பிடுகிறார். அவற்றில் ஒன்று வியப்பானது. போர்க்களத்தில் ஒருவன் புண்பட்டுக் கிடக்கிறான். அவனைக் காத்து நிற்க வேண்டிய சுற்றத்தார் ஒருவருமில்லை. அப்போது பேயே அவனைக் காத்து நிற்கிறது. இதை ஒரு துறையாகவே வகுத்துவிட்டார் அவர். சுற்றம் அருகிருந்தால் நடப்பது வேறு. புறநானூற்றில், புண்பட்ட தலைவனின் வீட்டில் பெண்கள் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு புகைத்து, காஞ்சிப் பண் பாடிக் காவலிருக்கும் காட்சி உண்டு. எங்கள் ஊரில் நோயாளி கிடக்கும் வீட்டு வாசலில் இன்றும் வேப்பிலை தொங்குகிறது. ஆக, உறவு இருக்கும் இடத்தில் பேய்க்கு இடமில்லை. உறவு இல்லாத இடத்தில் உறவின் வேலையைப் பேய் செய்கிறது.

மணிமேகலையில் சார்ங்கலன் என்னும் சிறுவனின் கதை வருகிறது. தனியே சுடுகாட்டுக்குட் சென்றவன், பேய்மகள் ஒருத்தி பிணத்தலையை ஏந்தி ஆடுவதைக் கண்டு, வெருண்டு ஓடிவந்து தாயிடம் சொல்லி உயிர்விடுகிறான். தாய் கோதமை பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சம்பாபதித் தெய்வத்தின் முன் முறையிடுகிறாள். பேய் என் மகனைக் கொண்டுபோய்விட்டதே என்கிறாள். தெய்வம் அதை மறுக்கிறது. பேய்கள் உயிரை உண்பதில்லை. அவன் பேதைமையும் பழவினையுமே அவனைக் கொண்டுபோயின என்கிறது. வினைக் கொள்கையை நிறுவவே சாத்தனார் இதைச் சொல்கிறார் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். கற்பிக்கும்போதெல்லாம், பேய் கொல்வதில்லை என்ற அந்த ஒரு செய்தியில் என் மனம் நின்றுவிடும்.

அதற்குக் காரணம் றொபேட் நொக்ஸ். 1660 ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்ட ஆங்கிலக் கப்பலின் தலைவனையும் அவன் மகனையும் கண்டி மன்னனின் ஆட்கள் மூதூர்ப் பக்கத்தில் பிடித்தார்கள். அந்த மகன்தான் நொக்ஸ். தந்தை அடுத்த ஆண்டே இறக்க, மகன் அவரை அந்நிய மண்ணிற் புதைத்தான். ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்து 1679 இல் தப்பி, 1681 இல் தன் நூலை வெளியிட்டான். மலைநாட்டில் இரவு வேளையில், நாய் குரைப்பது போன்ற கூரிய குரலிற் பேய் கத்துவதைத் தானே பலமுறை கேட்டதாக அதில் எழுதுகிறான். அது ஒருவகைப் பேராந்தையின் குரல் என்பது இன்றைய பறவையியலாளர் பலரின் கருத்து. அது இருக்கட்டும். நொக்ஸ் தொடர்ந்து சொல்வதுதான் முக்கியம். அந்தக் குரல் எவருக்கும் தீங்கு செய்ததாக அவன் கேள்விப்படவில்லை. ஆனால் அது கேட்பதற்குச் சற்று முன்போ பின்போ அரசன் ஆட்களைக் கொல்விப்பது வழக்கம் என்று ஊரார் கண்டிருந்தார்கள், அவனும் கண்டான்.

பேய் கத்தியது. கொன்றவன் அரசன். சம்பாபதி சொன்னதை இந்த ஆங்கிலக் கைதியும் தன் கண்ணாற் கண்டு எழுதியிருக்கிறான் அல்லவா?

என் ஊரிலும் இதை நான் கேட்டேன். 1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் போர் மீண்டும் மூண்டபோது எனக்கு ஒன்பது வயது. அந்த இரவுகளில் ஊர் நாய்கள் ஒன்று சேர்ந்து குரைக்கும். விளக்கை ஊதி அணைத்துவிட்டு எல்லோரும் ஓரறைக்குள் இருப்போம். “அம்மம்மா, பேயா?” என்று கேட்டேன். அவர் என் வாயைப் பொத்திக்கொண்டு, “பேயாய்த்தான் இருக்கவேணும் எண்டு கும்பிடு மோனை” என்றார். வாழ்நாள் முழுவதும் எங்களுக்குப் பேய் காட்டி வெருட்டியவர், அன்றைக்குப் பேய் வரவேண்டும் என்று நேர்ந்துகொண்டிருந்தார்.

சில நாட்களில் ஊர் கலைந்தது. கையிலகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டோம். அம்மாவின் தம்பி, எங்கள் சின்னமாமா, எங்களை ஓரிடத்திற் சேர்த்துவிட்டு, “மாட்டை அவிழ்த்து விட்டிட்டு வாறன்” என்று சைக்கிளில் திரும்பிப் போனார். பிறகு அவரை எவரும் காணவில்லை. சைக்கிளையும் காணவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பினோம். அதன்பின் ஒரு கதை பரவியது. பனங்கூடல் வளைவில், நடுச்சாமத்தில், சைக்கிள் மணி கேட்கிறதாம். திரும்பிப் பார்த்தால் ஒருவருமில்லையாம். ஊர்ப் பெரியவர்கள் இருவர் அம்மம்மாவிடம் வந்தார்கள். மந்திரிக்கிற ஒருவரைக் கூட்டிவந்து வளைவில் கழிப்புக் கழிப்போம் என்றார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்கள். அம்மம்மா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

“அது அவனில்லை எண்டால் கழிக்கத் தேவையில்லை. அவன்தான் எண்டால் நான் கலைக்க விடமாட்டன்.”

இதை விட நுட்பமாக ஒரு தாயின் நிலையைச் சொல்லும் வரியை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. பேய் உண்டு என்று ஒப்புக்கொண்டால் மகன் இறந்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் அந்த மணியோசையும் இல்லாமற் போய்விடும். அவர் இரண்டுக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகள் நின்றார். அந்தியேட்டி செய்யச் சம்மதிக்கவுமில்லை, மாமாவின் சேட்டுகளை எவருக்கும் கொடுக்கவுமில்லை.

2003 இல், சமாதான காலத்தில், அம்மம்மா காலமானார். முப்பத்தொராம் நாட் கிரியைக்குக் கன்னியா போனோம். இராவணன் தன் தாய்க்கு நீர்க்கடன் செய்வதற்காகத் தோன்றியவை என்று எங்கள் ஐதிகம் சொல்லும் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அங்கே உள்ளன. கிரியையின் நடுவே ஐயர், குடும்பத்தில் முன்னர் இறந்தவர்களின் பெயர்களைக் கேட்டார். அம்மா தன் தகப்பனார் பெயரைச் சொன்னார். பாட்டனார் பெயரைச் சொன்னார். “வேறை ஆரும்?” என்றார் ஐயர். அம்மா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். “இல்லை ஐயா” என்றார் அம்மா. திரும்பி வரும்போது வானில் ஒருவரும் கதைக்கவில்லை.

அடுத்த ஆண்டு மார்கழி 26 ஆம் திகதி கடல் வந்தது. நிலாவெளிக் கரையில் நடந்ததை விவரிக்க நான் விரும்பவில்லை. பல மாதங்கள் எங்கள் வீட்டில் மீன் வாங்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அதன்பின் கரையோரமெங்கும் புதிய கதைகள் முளைத்தன. அழுகுரல் கேட்பதாக, யாரோ கதவைத் தட்டித் தண்ணீர் கேட்பதாக. எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. 2011 இல் ஜப்பானின் வடகிழக்குக் கரையைக் கடல் கொண்டபின், இஷினோமாகி என்ற நகரில் சமூகவியல் மாணவி ஒருத்தி நூற்றுக்கு மேற்பட்ட டாக்சிச் சாரதிகளைக் கேட்டாள். ஏழு பேர், ஆவிகளை வண்டியில் ஏற்றியதாகச் சொன்னார்கள். கோடை காலத்தில் குளிர்ச்சட்டையோடு ஏறி, அழிந்துபோன ஒரு பகுதிக்குப் போகச் சொல்லி, நான் இறந்துவிட்டேனா என்று கேட்டாள் ஒரு பெண். சாரதி திரும்பிப் பார்க்கும்போது இருக்கையில் எவருமில்லை. அந்தச் சாரதிகள் மீற்றரைப் போட்டிருந்தபடியால் கட்டணத்தைத் தம் பையிலிருந்தே கட்டினார்கள். வெருண்டதாகச் சொல்லவில்லை. மறுபடி ஏறினால் மறுபடி கொண்டுபோய் விடுவோம் என்றவர்களும் உண்டு. சுற்றம் இல்லாத இடத்தில் நின்ற தொல்காப்பியரின் பேயை நான் நினைத்துக்கொண்டேன். இங்கே ஆட்கள் மாறி நிற்கிறார்கள். சுற்றத்தைத் தொலைத்த ஆவிக்கு ஒரு வாடகை வண்டிக்காரன் சுற்றமாகிறான்.

நேயர்களே, முடிவுக்கு வருகிறேன்.

அண்மையில் என் தரம் 10 மாணவருக்கு ஓர் ஒப்படை கொடுத்தேன். உங்கள் ஊரிற் பேய் உலாவுவதாகச் சொல்லப்படும் ஓரிடத்தைப் பற்றிப் பெரியவர்களைக் கேட்டு எழுதுக. வந்தவற்றிற் பெரும்பாலானவை சினிமாப் பேய்கள். வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், கொலுசொலி. கரையோரத்திலிருந்து வரும் ஒரு மாணவி அரைப் பக்கம் மட்டும் எழுதியிருந்தாள். வாடிப் பக்கத்தில் இருட்டியதும் ஒரு சிறுபிள்ளை செருப்புத் தேடித் திரிவதாக ஆட்கள் சொல்வார்களாம். அவள் தன் அம்மம்மாவைக் கேட்டிருக்கிறாள். அவர் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னாராம். அது அவளுடைய அம்மாவின் தங்கை. கடல் வந்தபோது ஆறு வயது. ‘பெயர் தெரிந்த பிறகு எனக்கு அந்தப் பக்கம் போகப் பயமில்லை. சின்னம்மா என்று சொல்லிக்கொண்டு போவேன்’ என்று முடித்திருந்தாள்.

அந்தத் தாளுக்குப் புள்ளி போட்டேன். கீழே குறிப்பெழுத எனக்குக் கை வரவில்லை.

பேய் உண்டா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். அது என் பாடமன்று. ஆனால் உங்கள் ஊரில் ஒரு மரத்தடியையோ பாலத்தையோ வளைவையோ காட்டி ஒரு கதை சொல்வார்களானால், கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். அங்கே இறந்தவர் யார், அவர் பெயரென்ன, வயதென்ன, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களை அறிந்த கிழவிகள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போனபின் எஞ்சப்போவது வெள்ளைச் சேலைகள்தாம்.

அன்று மாலை என் மகனைக் கூட்டிக்கொண்டு பனங்கூடல் வளைவுக்குப் போனேன். இப்போது அங்கே தார் வீதி, மின்விளக்கு, உல்லாசப் பிரயாணிகளின் வாகனங்கள். சின்னமாமாவின் பெயரை அவனுக்குச் சொன்னேன். மாட்டை அவிழ்க்கப் போன கதையைச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, “அவரின்ர சைக்கிள் என்ன நிறம் அப்பா?” என்றான்.

எனக்குத் தெரியவில்லை. அங்கே நின்றபடியே அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். மறுமுனையிற் சிறிது நேரம் சத்தமில்லை.

“பச்சை,” என்றார் அம்மா. “பச்சை றலிச் சைக்கிள். ஐயாதான் வாங்கிக் குடுத்தவர். முன்னுக்கு மணி. அந்த மணியை அவன் சும்மா சும்மா அடிச்சுக்கொண்டுதான் திரிவான்...” என்று தொடங்கியவர், என் மகன் கால் வலிக்கிறது என்று சிணுங்கும் வரை நிறுத்தவில்லை.